சொத்து வரி: தருமபுரியில் சதவீதத்தை விட சதுர அடியைப் பாருங்க!

ஒரே தெரு. பக்கத்துப் பக்கத்து வீடு. 2022-க்கு முன்னாடி ரெண்டு வீட்டுக்கும் அரையாண்டுக்கு 1,000 ரூபாய் சொத்து வரி. இப்போது ஒரு வீட்டுக்கு 1,590 ரூபாய், இன்னொரு வீட்டுக்கு 1,855 ரூபாய். ஒன்று 1,190 சதுர அடி, மற்றொன்று 1,210 சதுர அடி. அவ்வளவுதான் வித்தியாசம்.

இது உதாரணத்துக்குப் போட்ட கணக்கு. ஆனால், தருமபுரி நகராட்சியின் 33 வார்டுகளில் எந்தத் தெருவிலும் இப்படி நடக்க வாய்ப்பு இருக்கிறது. வெறும் 20 சதுர அடிக்கு, அதாவது ஒரு சின்ன பாத்ரூம் அளவுக்கு, வருஷத்துக்கு 530 ரூபாய் கூடுதல்.

"வரியை ஏத்திட்டாங்க" என்று பேசும்போது எல்லோரும் சதவீதத்தைத்தான் பேசுகிறார்கள். சதவீதத்தை அரசு முடிவு செய்கிறது. வீட்டுக்காரர் அதை எதுவும் செய்ய முடியாது. ஆனால் அந்தச் சதவீதம் எந்த அளவின் மேல் போடப்படுகிறது என்பது நகராட்சிப் பதிவேட்டில் இருக்கும் ஒரு எண். அதைச் சரிபார்க்கலாம். தப்பாக இருந்தால் மாற்றச் சொல்லிக் கேட்கலாம்.

எப்போ, எவ்வளவு ஏறிச்சு?

சென்னை தவிர்த்த தமிழக நகரங்களில் 2008-க்குப் பிறகு பெரிய அளவில் வரி மாற்றம் நடக்கவில்லை. 2018-ல் அ.தி.மு.க. அரசு உயர்வை அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பவே, 2019-ல் அது நிறுத்தி வைக்கப்பட்டது. உள்ளாட்சிகளுக்கான மானியம் வேண்டுமென்றால் சொத்து வரியைச் சீரமைக்க வேண்டும் என்று 15-வது நிதிக்குழு நிபந்தனை போட்டது. அதைக் காரணம் காட்டி, நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் முடிந்த கையோடு 2022 ஏப்ரலில் தி.மு.க. அரசு உயர்வை அறிவித்தது. எந்தக் கட்சி ஆட்சியாக இருந்தாலும், தேர்தலுக்கு முன்னாடி வரியில் கை வைக்கத் தயக்கம்தான்!

சென்னையின் பழைய பகுதிகளுக்குத் தனிக் கணக்கு. தருமபுரி போன்ற நகராட்சிகளிலும், பாலக்கோடு, பென்னாகரம் போன்ற பேரூராட்சிகளிலும் குடியிருப்புகளுக்கு 600 சதுர அடி வரை 25 சதவீதம், 1,200 வரை 50 சதவீதம், 1,800 வரை 75 சதவீதம், அதற்கு மேல் 100 சதவீதம் உயர்வு. வணிகக் கட்டடங்களுக்கு 100 சதவீதம்.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. வருமான வரியில் ஒரு வரம்பைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு மட்டும்தான் கூடுதல் வரி. சொத்து வரி உயர்வில் அப்படி இல்லை. 1,200-ஐத் தாண்டினால் வீடு முழுவதற்கும் 75 சதவீதம். போதாததற்கு, ஆண்டுதோறும் 6 சதவீதம் உயர்த்தவும் வழி செய்யப்பட்டு, 2024 அக்டோபரில் அதுவும் அமலுக்கு வந்தது. மேலே பார்த்த 1,590-ம் 1,855-ம் அப்படி வந்தவைதான்.

பதிவேட்டில் என்ன இருக்கும்?

வீடு எந்தப் பகுதியில் இருக்கிறது, எத்தனை சதுர அடி, ஓட்டு வீடா கான்கிரீட்டா, எவ்வளவு பழசு, குடியிருக்கவா கடைக்கா. இவற்றை வைத்துத்தான் அடிப்படை வரி போடப்படுகிறது. அதோடு நூலக வரி சேரும், ரூபாய்க்கு 10 பைசா. 1948-ல் வந்த நூலகச் சட்டத்தின்படி வசூலாகும் இந்தப் பணம் மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குப் போகிறது. நூலகம் பக்கமே போகாதவர்களும் அதற்குப் பணம் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

முன் அறையை மளிகைக் கடையாக மாற்றினால் அந்தப் பகுதிக்கு வணிக வரி. கடையை மூடிய பிறகு யாரும் நகராட்சியில் சொல்வதில்லை. கடை இல்லாவிட்டாலும் பதிவேட்டில் அது தொடர்கிறது, வரியும் தொடர்கிறது.

பதிவேட்டில் ஓர் எண்ணை மாற்றினால் எவ்வளவு பணம் புரளும் என்பதற்கு மதுரை சாட்சி. அங்கே மாநகராட்சி அதிகாரிகளின் பாஸ்வேர்டைப் பயன்படுத்தி, பெரிய கட்டடங்களுக்கு வரியைக் குறைத்ததாக வழக்குப் பதிவாகி, 2025-ல் பலர் கைதானார்கள். மண்டலத் தலைவர்கள் பதவி விலகினார்கள். அக்டோபரில் மேயரும் ராஜினாமா செய்தார்.

ஆட்சேபணை இருந்தால், நோட்டீஸில் சொல்லியிருக்கும் கெடுவுக்குள் நகராட்சி ஆணையரிடம் மறுசீராய்வு மனு கொடுக்கலாம். கட்டட வரைபட அனுமதி, பழைய ரசீது, போட்டோ எல்லாம் கூடவே இருப்பது நல்லது. ஆனால் ஒன்று: மறுபடி அளக்க வருபவர் மொட்டை மாடியில் போட்ட அறையையும் சேர்த்துத்தான் அளப்பார். அதையும் யோசித்துவிட்டு மனு கொடுங்கள்.

ஊராட்சிக்காரர்களுக்கு ஏன் கவலை?

கலெக்டர் அலுவலகத்தைச் சுற்றியுள்ள இலக்கியம்பட்டி மாதிரி, நகரத்தை ஒட்டி வளர்ந்த ஊராட்சிகளில் வீட்டு வரி நகராட்சி அளவுக்கு வராது. பார்ப்பதற்கு டவுன், வரிக்கு கிராமம். நகராட்சிகளோடு ஊராட்சிகளை இணைக்கும் திட்டத்தை 2025 ஜனவரியில் அரசு அறிவித்தபோது, தமிழகத்தின் பல ஊர்களில் மக்கள் எதிர்த்தார்கள். ஒரு பயம் வரி உயர்வு. இன்னொன்று நூறு நாள் வேலை, கிராமப்புறத்துக்கு மட்டுமான திட்டம் அது. சம்பளம் வாங்குபவருக்கு வருஷத்துக்குச் சில ஆயிரம் கூடுவது எரிச்சல். நூறு நாள் வேலையை நம்பி இருக்கும் குடும்பத்துக்கு வரியும் கூடி, கூலியும் போனால் அது இரட்டை அடி. குடிநீரும் சாக்கடையும் முதலில் வந்து, வரி பிறகு வந்திருந்தால் இந்த எதிர்ப்பு இவ்வளவு இருந்திருக்காது.

கட்டும்போது கவனிக்க…

ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஓர் அரையாண்டு, அக்டோபர் முதல் மார்ச் வரை அடுத்தது. ஏப்ரல் 30-க்குள், அக்டோபர் 31-க்குள் கட்டினால் 5 சதவீதம் தள்ளுபடி, அதிகபட்சம் 5,000 ரூபாய். தாமதமானால் மாதம் 1 சதவீதம் வட்டி. ஆன்லைனிலேயே கட்டலாம். வரி விதிப்பு எண்ணைப் போட்டால் பாக்கித் தொகை தெரியும்.

வீடு வாங்கியவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பத்திரம் பதிந்து, பட்டா மாறியதும் வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். வரி ரசீதில் பெயர் மாற்ற நகராட்சியில் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். பழைய ஓனர் வைத்த பாக்கி இருந்தால், அதையும் தீர்த்த பிறகுதான் பெயர் மாறும். அதனால் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே கடைசி அரையாண்டு ரசீதைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.