சடைக்குச் சிறகென்று பேர்

கத்திரி வெயில் மூளையை உருக்கும் என்பார்கள். இந்த வாரம் புதுச்சேரி கதிர்காமத்தில் எங்கள் தெருப் பூனை ஒன்றுக்குச் சிறகு முளைத்துவிட்டது. பால் வாங்கப் போன இடத்தில் முதலில் காதில் விழுந்தது. மறுநாள் வழுதாவூர் சாலை வரை போய்விட்டது. அதற்கும் மறுநாள் செல்பேசிக்குள் புகுந்து, எந்த ஊரிலோ எடுத்த வேறொரு சிறகுப் பூனையின் வீடியோவையும் கூட்டிக்கொண்டு என்னிடமே வந்து சேர்ந்தது. ‘நீங்கதான் எழுதுறவராச்சே, இதை எழுதுங்க சார்’ என்று குறிப்பு வேறு.

இந்தப் பத்தியில் அவ்வப்போது தலைகாட்டும் சொல்தா தாத்தாவுக்கு இதில் வியப்பே இல்லை. பிரெஞ்சுப் பட்டாளத்து பென்ஷன்காரர். அவர் பார்க்காத ஜந்து உலகத்தில் கிடையாது. “ரெண்டு பக்கமும் ரெக்கைப்பா. மதில்லேருந்து தாவுறப்ப விரியுது, அப்புறம் மடங்குது. என் கண்ணால பார்த்தேன்” என்றார். கண்ணால் பார்த்தவரோடு வாதாட முடியாது. போன தேர்தலின்போதே அதைக் கற்றுக்கொண்டேன்.

எனக்கு வந்தது வியப்பில்லை, எரிச்சல். அந்தப் பூனையை எனக்குத் தெரியும். சாம்பல் நிறப் பர்ஷியன். ஒரு பெண் குழந்தையின் பிறந்தநாளுக்குப் பரிசாக வந்தது. வந்த புதிதில் குளிர்பதன அறை, தனித் தட்டு, கழுத்தில் மணி, தினம் ஒரு படம். குழந்தை வெளியூர் விடுதிக்குப் படிக்கப் போனதும் பூனை அறையிலிருந்து கூடத்துக்கும், கூடத்திலிருந்து மொட்டை மாடிக்கும், அங்கிருந்து மதிலுக்கும் பதவி இறங்கியது. அதை வாரிவிட ஆள் இல்லை.

நீண்ட முடிப் பூனைக்கு அடியில் மென்மையான உள்முடி ஒன்று உண்டு. உதிர வேண்டிய உள்முடி வெளியே விழாமல் மேல்முடியில் சிக்கிக்கொள்ளும். கதிர்காமத்து உப்புக் காற்றும் வியர்வைக் காலமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். பூனை நக்கிச் சரிசெய்ய முடியாத முதுகோரத்திலும் விலாவிலும் அது சடையாகும். சடை பெருத்து, கீழ்விளிம்பு உடம்பை விட்டு விலகி, மேல்விளிம்பு மட்டும் தோலைப் பிடித்துத் தொங்கும். ஓடும்போது எழும்பும், நின்றால் படியும். சொல்தா தாத்தா சொன்னது அத்தனையும் உண்மை. ரெக்கை என்பது ஒன்றைத் தவிர. ஒவ்வொரு அசைவுக்கும் அந்தச் சடை தோலைப் பிடித்து இழுக்கிறது. அடியில் புண் வைத்திருக்கும். கத்திரிக்கோலால் வெட்டப் போனால் தோலும் சேர்ந்து வரும். அதற்கான மெஷினால்தான் மழிக்க வேண்டும். குருமாம்பேட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. ஒரு ஆட்டோ தூரம். தெருவே திரண்டு வீடியோ எடுத்ததே தவிர, ஆட்டோவைக் கூப்பிட ஒருவருக்கும் தோன்றவில்லை.

நம் ஊர்ப் பூனைக்கு ஏன் என்றுமே சிறகு முளைப்பதில்லை என்று யோசித்துப் பாருங்கள். குட்டை முடி. மீன் கடையில் திருடி, ஓட்டின்மேல் உட்கார்ந்து நக்கிக்கொண்டால் அன்றைய அலங்காரம் முடிந்தது.

இந்தியாவில் சிறகுப் பூனைக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. 1868இல் குஜராத்தின் பஞ்சமகால் பகுதியில் அலெக்சாண்டர் கிப்சன் என்பவர் விநோதமான ஒரு பிராணியைச் சுட்டார். அங்குள்ள பில் பழங்குடியினர் அதைப் பறக்கும் பூனை என்றார்களாம். காய்ந்த தோலைப் பம்பாய் ஆசியக் கழகக் கூட்டத்தில் காட்டினார்கள். பதினெட்டு அங்குல நீளம். விரித்தால் அகலமும் ஏறக்குறைய அதே அளவு. இது வௌவால்தான், பழந்தின்னிதான் என்று சிலர் சொல்ல, கிப்சன் பூனையேதான் என்று நின்றார். என் தீர்ப்பு இரண்டு பேருக்கும் எதிரானது. மணிக்கட்டிலிருந்து கணுக்கால் வரை தோலை விரித்து, இருட்டில் மரத்துக்கு மரம் சறுக்குகிற பெரிய பறக்கும் அணில் நம் காடுகளில் இருக்கிறது. உடம்பு அளவும் ஒத்துப்போகிறது. காய்ந்த தோலை மட்டும் பார்த்தவர்கள் ஆளுக்கொன்று சொல்லத்தான் செய்வார்கள்.

பூனைச் சிறகுக்கு மருத்துவர்கள் சடையைத் தவிர இன்னொரு காரணமும் சொல்கிறார்கள். தோலுக்கு உறுதி தருகிற கொலாஜன் என்ற புரதம் பிறவியிலேயே பழுதாக இருக்கும் நோய் அது. மனிதர்களுக்கும் வரும்; எலர்ஸ்-டான்லோஸ் என்று பெயர். அந்த நோயுள்ள பூனையின் தோல் இழுத்த இழுப்புக்கு வரும், லேசில் கிழியும். தோளிலும் முதுகிலும் மடிப்பாகத் தொங்கினால் பார்ப்பவருக்குச் சிறகுதான். அபூர்வமாக, கூடுதல் கால்களோடு பிறந்த பூனைகளையும் இந்தக் கணக்கில் சேர்த்திருக்கிறார்கள். நிஜச் சிறகு மட்டும் எதிலும் இல்லை. வௌவால் தன் முன்னங்கால்களையே சிறகாக்கிக்கொண்டது. பூனையோ நான்கையும் நடக்கக் கொடுத்துவிட்டது. முதுகெலும்புள்ள பிராணி எதுவும் ஐந்தாவது, ஆறாவது உறுப்பைச் சிறகுக்கென்று வளர்த்ததில்லை.

சடைக்கதைகள்தான் அதிகம். 1959இல் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் சிறகுப் பூனை யாருக்குச் சொந்தம் என்று வழக்கே நடந்தது. பூனையை வைத்திருந்த பையன் நீதிமன்றத்துக்கு ஒரு அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்தான். உள்ளே உதிர்ந்துபோன இரண்டு முடிக்கட்டிகள். அதைப் பார்த்ததும், உரிமை கோரிய அம்மாள் இது என் பூனையே இல்லை என்றுவிட்டார். நீதிபதி அவருக்கு ஒரு டாலர் கொடுக்கச் சொன்னார். கனடாவில் 1966இல் சுட்டுக் கொன்ற ஒன்றை ஆய்வுக்கூடத்தில் அறுத்துப் பார்த்தபோது சிறகு சடையாக இருந்தது, பூனைக்கு வெறிநோயும் இருந்தது.

இனி என் பழைய வியாதிக்கு வருகிறேன். ‘வால்டனை விட்டுவிடுங்கள் ஐயா, தாங்க முடியவில்லை’ என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். கோடை முடியும்வரை தோரோவைத் தொடுவதில்லை என்று சென்ற மாதம்தான் வாக்குக் கொடுத்தேன். பூனை விடவில்லை. சிறகுப் பூனை அந்தப் புத்தகத்திலேயே இருக்கிறது!

வால்டன் குளக்கரை வாழ்க்கையைப் பற்றி அமெரிக்க எழுத்தாளர் தோரோ எழுதி 1854இல் வந்த புத்தகம். அந்தக் குளத்துக்குப் பக்கத்தில் லிங்கன் என்ற ஊர்ப் பண்ணை வீட்டில் சிறகுப் பூனை இருப்பதாகக் கேள்விப்பட்டு 1842 ஜூனில் பார்க்கப் போகிறார் தோரோ. அது வேட்டைக்குப் போயிருந்தது. வீட்டம்மா சொல்லச் சொல்லக் குறித்துக்கொள்கிறார்: கரும்பழுப்பு கலந்த சாம்பல் நிறம், கழுத்தில் வெள்ளைப் புள்ளி, நரி வால். குளிர்காலத்தில் விலாப்புறம் முடி அடர்ந்து பட்டையாகும். பத்துப் பன்னிரண்டு அங்குல நீளம், இரண்டரை அங்குல அகலம். மேல்பக்கம் தளர்ந்திருக்கும், அடிப்பக்கம் கம்பளம்போல் இறுகியிருக்கும். வசந்தம் வந்தால் உதிர்ந்துவிடும். உதிர்ந்த ஒரு ஜோடியை அவருக்குக் கொடுத்தனுப்புகிறார்கள். அதைப் பத்திரப்படுத்தி வைத்துக்கொண்டு, சவ்வு எதுவும் இதில் தென்படவில்லை என்றும் எழுதிவிடுகிறார். பறக்கும் அணிலின் கலப்பாக இருக்கலாம் என்ற ஊர்ப்பேச்சை அவர் தள்ளவில்லை. அந்தக் காலத்து அறிவு அவ்வளவு. கவிஞனின் குதிரைக்குச் சிறகிருக்கும்போது பூனைக்கு இருந்தால் என்ன என்று ஒரு குறும்பும் செய்கிறார். ஆனால் பூனையைப் பார்த்ததாக மட்டும் சொல்லவில்லை. தேடிப் போய்ப் பூனையைப் பார்க்காமல் வந்ததை அச்சில் ஒப்புக்கொள்கிற எழுத்தாளரை என்னால் விட முடியவில்லை, வாசகர் மன்னிக்க வேண்டும்.

இதே புத்தகத்தில் நம் மதராஸும் வருகிறது. 1846-47 குளிர்காலத்தில் நூறு அயர்லாந்துக் கூலிகள் வந்து வால்டன் குளத்தில் பனிக்கட்டி அறுக்கிறார்கள். அது பாஸ்டனின் பனிக்கட்டி வியாபாரக் காலம். பாஸ்டன் வியாபாரி ஃபிரெடெரிக் டியூடர் 1833 மே 12 அன்று ‘டஸ்கனி’ என்ற கப்பலில் 180 டன் பனிக்கட்டியை ஏற்றிக் கல்கத்தாவுக்கு அனுப்பினார். நிலநடுக்கோட்டை இரண்டு முறை கடந்து நான்கு மாதம் கழித்து அது வந்து சேர்ந்தபோது சுமார் நூறு டன் மிச்சமிருந்தது. அதுவரை வெடியுப்பு கரைத்த நீரில் குடுவையை வைத்துத் தண்ணீரைக் குளிரவைத்துக்கொண்டிருந்த நாடு இது. 1842இல் சென்னைக் கடற்கரையில் பனிக்கட்டியைச் சேமிக்க வட்டச் சுவர்க் கட்டடம் ஒன்றை டியூடர் எழுப்பினார். அதே ஆண்டு ஜூனில்தான் தோரோ பூனை தேடிப் போனார். கல்கத்தாவிலும் பம்பாயிலும் இருந்த கிடங்குகள் போய்விட்டன, சென்னையுடையது நிற்கிறது. இயந்திரத்தில் பனிக்கட்டி செய்யத் தெரிந்ததும் வியாபாரம் படுத்தது. கட்டடம் பிலிகிரி ஐயங்கார் என்பவர் கைக்கு வந்தது. 1897இல் விவேகானந்தர் அங்கே தங்கினார். இப்போது விவேகானந்தர் இல்லம். பேருந்தில் ஏறுகிறவர்கள் இன்றும் ஐஸ் ஹவுஸுக்குத்தான் டிக்கெட் கேட்கிறார்கள்.

குளிர்நாட்டுச் சரக்கை வெயில் நாட்டுக்குக் கொண்டுவருவதில் டியூடருக்கு இருந்த கவனத்தை நினைத்தால் பொறாமையாக இருக்கிறது. சந்து பொந்தில்லாமல் மரத்தூளை அடைத்தார், கட்டியோடு கட்டி ஒட்ட அடுக்கினார், வந்து இறங்கும் ஊரில் கிடங்கைக் கட்டினார். உயிரில்லாத சரக்குக்கு அவ்வளவு ஏற்பாடு. நாம் பர்ஷியனை வாங்கும்போது ஒரு சீப்பு வாங்குவதில்லை.

மதராஸ், பம்பாய், கல்கத்தா வெயிலில் வாடுகிறவர்கள் தன் கிணற்றிலிருந்து குடிப்பதாகத் தோரோ பனிக்கட்டி அறுப்பைச் சொல்லும் அத்தியாயத்தின் முடிவில் பெருமைப்படுவது பிரசித்தம். ஐஸ் ஹவுஸைப் பற்றி எழுதுகிற எல்லோரும் அதை எடுத்துப் போடுவார்கள். சற்று முன்னால் அவரே கொடுத்திருக்கிற கணக்கை மட்டும் விட்டுவிடுவார்கள். வால்டனில் அறுத்துக் குவித்தது பத்தாயிரம் டன் என்பது அவர் தரும் மதிப்பு. வைக்கோலும் பலகையும் போட்டு மூடினார்கள். அடுத்த ஜூலையில் ஒரு பகுதியை எடுத்துப் போனார்கள். மிச்சம் வெயிலில் கிடந்து 1848 செப்டம்பர் வரை கரைந்தது. பெரும்பகுதி குளத்துக்கே திரும்பிவிட்டது. மதராஸ் துரைமார் கிளாஸில் மிதந்தது பெரும்பாலும் வேறு ஏரிகளின் பனிக்கட்டியாகத்தான் இருக்க வேண்டும்.