எடை நின்னா உடனே மாத்திரையா? போங்கப்பா!

ஆணி ஜாஸ்தி மக்களே, அதான் ரெண்டு மாசமா இந்தப் பக்கம் ஆளைக் காணோம். தவிர, சோத்தைக் குறைச்சவனுக்கு எழுதத் தெம்பு எங்கேர்ந்து வரும்?

மேட்டர் இதுதான். மாவட்ட அளவுல ஒரு மென்ஸ் பிசிக் போட்டிக்குப் பேர் குடுத்திருக்கேன். (சிரிக்கிறவங்க சிரிச்சுக்குங்க. பொட்டி தட்டுறவனுக்கு வயித்துல கட்டு வரக்கூடாதுன்னு சட்டமா என்ன?) 79 கிலோவுல ஆரம்பிச்சு 11 வாரத்துல 72.4க்கு வந்தேன். அப்புறம் மூணு வாரம் முள்ளு அசையலை. போட்டிக்கு மிச்சம் அஞ்சே வாரம்.

ஜிம் மாஸ்டர்கிட்ட போனேன். என்ன சாப்பிடுறே, எவ்வளவு தூங்குறேன்னு ஒரு கேள்வி கிடையாது. "சோத்தை அடியோட விடு. காலைல ஒரு மணி, சாயங்காலம் ஒரு மணி நடை. அப்புறம் இதைப் போடு." காகிதத்துல மடிச்ச பத்து மாத்திரை.

"பேர் என்ன மாஸ்டர்?"

"பேரு எதுக்கு தம்பி? போட்டா உருகும்."

எனக்குக் கோபம் வந்த இடம் இதுதான். ஆபீஸ்ல ப்ரோக்ராம் மெதுவா ஓடினா முதல்ல லாக்-ஐப் பார்ப்போமா, இல்ல சர்வருக்குத் தீ வைப்போமா? உடம்புன்னு வந்தா மட்டும் ஏன் தீ வைக்கிறவரை மாஸ்டர்ங்கிறோம்?

கணக்கைப் பாருங்க. ஒரு கிலோ கொழுப்புன்னா சுமார் 7700 கலோரி. கடைசிக் கட்டத்துல எனக்கு தினம் துண்டு விழுறது 350 கலோரிதான். அதாவது ஒரு கிலோ கரைய 22 நாள், வாரத்துக்கு 300 கிராம் சொச்சம். உடம்புல தண்ணியோ ஒரே நாள்ல ஒண்ணு, ஒண்ணரை கிலோ ஏறி இறங்கும். ராத்திரி ஊறுகாயும் அப்பளமும் வெளுத்துக் கட்டிட்டு காலைல மெஷின்ல ஏறி அழுதா அது மெஷின் குத்தமா? பட்டினியே தண்ணியைத் தேக்கும். 1944-45ல அமெரிக்காவுல மினசோட்டாவுல ஆன்செல் கீஸ் 36 பேரை ஆறு மாசம் அரைப்பட்டினி போட்டுப் பார்த்தார். ஆள் எலும்பா ஆயிட்டான், காலு மட்டும் வீங்கிப் போச்சு. நடமாட்டமும் தானா குறைஞ்சு போச்சு.

சரி, என் கேஸ் தண்ணியா? இல்லை, என் முட்டாள்தனம். லாக் எழுதினப்பதான் புரிஞ்சுது. மூணு வாரமா அம்மா ஊர்ல இல்லை, சமையல் நான்தான்.

1. அரிசி. வேகாத அரிசி 100 கிராம் எடை போட்டு, நோட்டுல வெந்த சோத்துக் கணக்கை எழுதியிருக்கேன். வெந்தது 130 கலோரி, வேகாதது 350. தினம் 220 எக்ஸ்ட்ரா.

2. எண்ணெய். கண்ணளவு. ஒரு டேபிள் ஸ்பூன் 120 கலோரி.

கூட்டுங்க, 340. துண்டு விழுற மொத்தமும் அவுட். இதுக்கு எந்த மாத்திரை?

அதே மாத்திரையோட அட்டை இன்னொரு பையன்கிட்ட இருந்துச்சு. கிளென்பியூட்ரால். அமெரிக்காவுல குதிரைக்கு மூச்சுக்கோளாறுக்குக் குடுக்க அனுமதி உண்டு, மனுஷனுக்கு இல்லை. உடம்புல இது இருந்ததுக்காகத்தான் சைக்கிள் வீரர் கொண்டடோர் வாங்கின 2010 டூர் டி பிரான்ஸ் பட்டத்தை 2012ல பிடுங்கினாங்க. அந்தப் பையனுக்கு டம்ளர் பிடிச்சா கை நடுங்குது, படுத்தா நெஞ்சு தடதடங்குது. "அது வேலை செய்யுதுடா"ன்னு பெருமையா சொல்றான். வயசு 22.

'மாஸ்டர் எத்தனை பேருக்கு மெடல் வாங்கித் தந்திருக்கார் தெரியுமா'ன்னு கேப்பீங்க. மெடல் சுவத்துல தொங்குது, சரி. பாதியில ஓடினவன் கணக்கு எந்தச் சுவத்துல இருக்கு? உலக லெவல் ஆளுங்களே தப்பலை. 1992ல மொஹமத் பெனாசிசா போட்டி முடிஞ்ச சில மணி நேரத்துல செத்துப்போனார். தண்ணியை வத்தவெச்சதுல இதயம் நின்னுடுச்சு. 1996ல ஆண்ட்ரியாஸ் மூன்சர், வயசு 31. நாம மாவட்ட லெவல்ல ஒரு கப்புக்கு நிக்கிறோம் சாமி!

மாத்திரையைத் திருப்பிக் குடுத்துட்டேன். "உனக்கு வெறி பத்தலை"ன்னார். இருக்கட்டும். அரிசிக் கணக்கைத் திருத்தி, எண்ணெயை ஸ்பூன்ல அளந்து, தினமும் காலைல எடை பார்த்து வார சராசரி மட்டும் எழுதுறேன். 12 நாள்ல சராசரி 71.8. இடுப்பு ஒண்ணரை சென்டிமீட்டர் கம்மி.

போட்டிக்குள்ள அடிவயிறு தெளியுமான்னா, சந்தேகம்தான். கடைசி ஆளா நின்னாலும் கை நடுங்காம நிப்பேன்.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. ஆனா பேர் சொல்லாத மாத்திரையை யார் நீட்டினாலும் வாங்காதீங்க. மாஸ்டர் ரசிகர்கள் பின்னூட்டத்துல வந்து கும்மலாம், அந்த மாத்திரை பேரோட வாங்க.