கூத்துக்குப் போவோம், கௌரவமாய்ப் போவோம்!



"கூத்தாடி கிழக்கே பார்த்தான், கூலிக்காரன் மேற்கே பார்த்தான்" என்று எங்கள் ஊர்ப்பக்கம் ஒரு பழமொழி உண்டு. கூத்தாடி எப்போது விடியும் என்று கிழக்கைப் பார்ப்பானாம். கூலிக்காரன் எப்போது பொழுது சாயும் என்று மேற்கைப் பார்ப்பானாம். என் வீட்டில் இரண்டு பேரும் இருக்கிறார்கள். என் அப்பா கூலிக்காரர். என் தாய்மாமா கூத்தாடி. இந்த இருவருடைய வியர்வையில்தான் நான் டிப்ளமோ படிக்கிறேன். எங்கள் குடும்பத்தில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. நான் எழுதப்போகும் விஷயத்துக்கு இது தேவைப்படுகிறது.

"இரவு நேரத்தில் வெளியே போகும்போது எப்படி நடந்துகொள்ள வேண்டும்?" என்பதே என் தலைப்பு. இரவு என்றவுடன் பெங்களூர் பப்பும் டிஸ்கோவும்தான் நம் ஆட்களுக்கு ஞாபகம் வரும். நல்லம்பள்ளியில் ஏதப்பா டிஸ்கோ? நமக்கு விடிய விடிய வெளியே இருக்கக் கிடைக்கும் வாய்ப்பு திருவிழாக் கூத்துதான். பங்குனி பிறந்து வைகாசி முடிவதற்குள் தர்மபுரி மாவட்டத்தில் எத்தனை ஊர்களில் திரௌபதி அம்மனுக்குப் பாரதக் கூத்து நடக்கிறது! பகலில் பாரதக் கதை படிப்பார்கள். இரவில் அதையே கூத்தாக ஆடுவார்கள். வில்வளைப்பு, துகிலுரிதல், அர்ஜுனன் தபசு, கர்ண மோட்சம் என்று வரிசையாகப் போய்க் கடைசி நாள் படுகளத்தில் முடியும். இரவு பத்து மணிவாக்கில் மத்தளமும் ஆர்மோனியமும் முகவீணையும் கிளம்பினால், கோழி கூவும்வரை ஓயாது.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன்.

போன வருஷம் வைகாசியில் பக்கத்து ஊரில் கூத்து. வகுப்பு நண்பர்கள் ஆறு பேர் என் கூட வந்தார்கள். அன்றைக்குத் துகிலுரிதல். அது மற்ற நாள் கூத்து மாதிரி இல்லை. பல ஊர்களில் பாஞ்சாலி வேஷம் கட்டியவரை அன்றைக்கு அம்மனாகவே பார்ப்பார்கள். துச்சாதனன் வேஷக்காரர் சேலையைத் தொடுவதற்கு முன்னால் கற்பூரம் ஏற்றி, "தாயே, இது வேஷத்துக்குச் செய்யறது" என்கிற மாதிரி மன்னிப்புக் கேட்பார். கூட்டத்தில் இருக்கும் கிழவிகள் கண்ணீர் விடுவார்கள்.

அந்த இடத்தில் நம் ஆட்கள் விசில் அடித்தார்கள். ஒருவன் செல்போன் லைட்டைப் பாஞ்சாலியின் முகத்துக்கு நேராக அடித்து வீடியோ எடுத்தான். இன்னொருவன், இங்கே அச்சில் போட முடியாத ஒரு வார்த்தையைச் சத்தமாகச் சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அந்தப் பாஞ்சாலி என் தாய்மாமா.

இதை நான் அவர்களிடம் சொல்லவில்லை. 'கூத்தாடி வீட்டுப் பையன்' என்று தெரிந்துவிடுமோ என்று வெட்கப்பட்டேன். விடிந்ததும் கொட்டகைக்குப் பின்னால் போனேன். மாமா தேங்காய் எண்ணெய் தொட்டு அரிதாரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். கண் இரண்டும் செக்கச் செவேல் என்று இருந்தன. என்னைப் பார்த்ததும், "மாப்ள, உன் கூடப் படிக்கிற பசங்களா அவங்க? டீ கீ சாப்பிட்டாங்களா?" என்று கேட்டார். வேறு எதுவும் கேட்கவில்லை. என் முதல் செமஸ்டர் பீஸ் அவர் ஆடிக் கொண்டுவந்த பணம். அதை நினைத்தபோது தரையைப் பார்த்து நின்றேன்.

நண்பர்களே, அந்த வெட்கத்தில்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். உங்களைத் திட்டுவதற்கு எனக்கு யோக்கியதை இல்லை. நானும் சிரித்தவன்தானே!

"மேனர்ஸ் எல்லாம் பட்டணத்துக்காரன் பேசறது, இது நம்ம ஊரு, இங்க என்னடா மேனர்ஸ்?" என்று ஒரு நண்பன் கேட்டான். இதற்கு நேர் எதிராகவும் ஒருவன் சொல்வான்: "கிழவங்கதான் கட்டுப்பாடு பேசுவாங்க. நைட்டுன்னா ஃப்ரீடம்." இரண்டும் தவறு. ஓசூரில் வேலை பார்க்கும் என் பெரியப்பா மகன் ஒருமுறை பெங்களூரில் ஒரு கிளப்புக்குப் போய்விட்டு வந்து சொன்னான்: "டேய், அங்கயும் ரூல்ஸ் இருக்குடா. வரிசையில நிக்கணும். தெரியாத பொண்ணுங்க மேல கை படக்கூடாது. கலாட்டா பண்ணா தூக்கி வெளிய போட்டுடுவாங்க." ஜெர்மனியில் பெர்லின் நகரத்தில் பெர்கைன் என்று உலகப் புகழ் பெற்ற ஒரு நடன கிளப் இருக்கிறது. அங்கே வாசலிலேயே செல்போன் கேமராவின் மேல் ஸ்டிக்கர் ஒட்டித்தான் உள்ளே விடுகிறார்கள். ஆடுகிறவர்களை அவர்கள் சம்மதம் இல்லாமல் படம் எடுக்கக்கூடாது என்பதே காரணம். பெர்லின்காரனுக்கு இருக்கும் கட்டுப்பாடு நமக்கு வேண்டாமா? ஆக, மரியாதை என்பது ஊரைப் பொறுத்தது அல்ல. நாலு பேர் தூக்கத்தை விட்டுக் கூடும் எந்த இடத்துக்கும் அது வேண்டும்.

சரி, என்னதான் செய்யலாம்? எனக்குத் தோன்றியதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலாவது, கிளம்பும்போதே வீட்டில் சொல்லுங்கள். எந்த ஊர், யார் கூட, எப்போது திரும்புவோம் என்று மூன்று வார்த்தை போதும். படிக்காத அம்மாவுக்குப் பாலிடெக்னிக் என்றால் என்னவென்று தெரியாமல் இருக்கலாம். பையன் வராத ராத்திரி எவ்வளவு நீளம் என்று அவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

இரண்டாவது, உட்காரும் இடம். சாயங்காலமே கோணிப்பையோ பாயோ விரித்து இடம் பிடித்திருப்பார்கள். அது ஒரு ரிசர்வேஷன்தான். அதை மிதித்துக்கொண்டு போகாதீர்கள். முன்னால் சின்னப் பிள்ளைகள் தூங்கிக் கிடப்பார்கள், காலடியில் பார்த்து நடக்க வேண்டும். உயரமானவன் பின்னால் நின்றால் குட்டையானவனும் கூத்துப் பார்ப்பான்.

மூன்றாவது, செல்போன். கூத்து ஆடுகிறவர் கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம் என்று இவ்வளவு பாரத்தையும் சுமந்துகொண்டு கிறுகிறுவென்று சுற்றி ஆடுகிறார். கண்ணில் வெளிச்சம் அடித்தால் கால் தடுமாறி விழுவார். லைட் போடாதீர்கள். வீடியோ வேண்டுமானால் வாத்தியாரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள், பெரும்பாலும் சரி என்பார்கள். கொட்டகைக்குள் பாதி வேஷத்தில் இருப்பவரை எடுத்துக் கேலித் தலைப்பு வைத்து ஊருக்கெல்லாம் அனுப்புவது கலைக்குச் செய்யும் தொண்டு அல்ல, துரோகம்!

நான்காவது, எப்போது சிரிப்பது? கூத்தில் பேசாமல் உட்கார வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கட்டியங்காரன் வருவதே சிரிக்க வைக்கத்தான். அவர் நம்மையும் கிண்டல் செய்வார், ஊர்ப் பெரியவரையும் கிண்டல் செய்வார். அப்போது விசில் அடியுங்கள், கை தட்டுங்கள், அவருக்கே சந்தோஷம்தான். அழ வேண்டிய இடத்தில் சிரிக்காமல் இருந்தால் போதும்.

ஐந்தாவது, பெண்கள். நம் வகுப்பில் படிக்கும் சகோதரிகள் ஏன் கூத்துக்கு வருவதில்லை? அவர்களுக்கு ஆசை இல்லையா? "அங்க பசங்க ஒரு மாதிரி இருப்பாங்க" என்று வீட்டில் அனுப்புவதில்லை. அந்தப் பசங்க யார்? நாம்தான்! பெண்களைச் சீண்டுவதற்கு எதிராகத் தமிழ்நாட்டில் 1998ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. ஆனால் சட்டத்துக்குப் பயந்து சும்மா இருப்பது மரியாதை ஆகாது. நம் வகுப்புப் பெண் தைரியமாக வந்து, கூத்துப் பார்த்து, பத்திரமாக வீடு திரும்பினால் அதுதான் நம் மரியாதைக்குச் சான்றிதழ்.

ஆறாவது, குடி. குடித்துவிட்டு அம்மன் கோயில் கூத்துக்கு வராதீர்கள். அதைவிட முக்கியம், குடித்துவிட்டு வண்டி ஓட்டாதீர்கள். 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு முதல் தடவைக்கே 10,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். நாம் திரும்பி வரும் ரோடு எது? நாற்பத்து நான்காம் எண் தேசிய நெடுஞ்சாலை. தெற்கே கொஞ்ச தூரத்தில் தொப்பூர் கணவாய். அங்கே நடக்கும் விபத்துகளைப் பேப்பரில் படிக்காதவர் இருக்கிறீர்களா? விடியற்காலை மூன்று மணிக்கு லாரி டிரைவரும் தூக்கக் கலக்கத்தில் இருப்பார், நாமும் தூக்கக் கலக்கத்தில் இருப்போம். ஒரு வண்டியில் மூன்று பேர் வேண்டாம். தூக்கம் வந்தால் கோயில் திண்ணையிலேயே படுத்து, வெளிச்சம் வந்ததும் கிளம்புங்கள்.

ஏழாவது, சத்தம். இதில் நம் கூத்துக் கமிட்டியாரிடமும் ஒரு வேண்டுகோள். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி வைக்கக்கூடாது என்று 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. திருவிழாவுக்காக வருஷத்தில் 15 நாட்களுக்கு மிகாமல், இரவு 12 மணி வரை மாநில அரசு தளர்வு தரலாம். "அப்படின்னா கூத்தே நின்னுடுமே" என்பீர்கள். ஏன் நிற்க வேண்டும்? மைக் வருவதற்கு முன்னால் கூத்து நடக்கவில்லையா? மாமாவின் குரல் மைக் இல்லாமலே கடைசி வரிசைக்குக் கேட்கும். நான்கு திசைக்கும் குழாய் கட்டினால்தான் பக்தி என்பதில்லை. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையும், கைக்குழந்தைக்காரியும், நோயாளியும் அதே ஊரில்தான் இருக்கிறார்கள். திரும்பும்போது சைலன்சரைக் கழற்றிய வண்டியில் தெருவை எழுப்பிக்கொண்டு போகும் நம் வீரர்களுக்கும் இது பொருந்தும்.

கடைசியாக ஒன்று. கூத்து முடிந்ததும் எழுந்து ஓடிவிடாதீர்கள். உட்கார்ந்த இடத்துக் குப்பையைப் பொறுக்குங்கள். கொட்டகைப் பக்கம் போய், "நல்லா இருந்துச்சுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். ராத்திரி முழுக்கத் தொண்டை கிழியப் பாடியவருக்கு அந்த வார்த்தை, கூலிக்கு மேலே கிடைக்கும் கூலி.

நண்பர்களே! நாம் நாளை லேத்தில் நிற்போம், கம்பெனிக்குப் போவோம், சூப்பர்வைசர் ஆவோம். படித்தவன் என்று ஊர் நம்மைச் சொல்லும். படிக்காத என் மாமா, தன்னைக் கேலி செய்தவர்கள் டீ குடித்தார்களா என்று விசாரித்தார். படித்த நான் சிரித்தேன். இதில் யாருக்கு மேனர்ஸ் தெரியும் என்று நீங்களே சொல்லுங்கள்.

இந்த வருஷமும் வைகாசி வரும், கூத்து வரும். எல்லோரும் வாருங்கள். இந்த முறை நான் ஒளிந்துகொள்ள மாட்டேன். விடிந்ததும் உங்களைக் கொட்டகைக்கு அழைத்துப் போய், "மாமா, இவங்க என் பிரண்ட்ஸ்" என்று அறிமுகம் செய்து வைப்பேன். டீக்காசு என்னுடையது!



— இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு மாணவன்,
நல்லம்பள்ளி.