ஆரஞ்சு இல்லாத ஆரஞ்சு ஒயின்

பெயரைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். ஆரஞ்சு ஒயினில் ஒரு சொட்டு ஆரஞ்சுச் சாறுகூடக் கிடையாது. முழுக்க முழுக்கப் பச்சைத் திராட்சைதான்.

வழக்கமான ஒயிட் ஒயினுக்குத் திராட்சையைப் பிழிந்ததும் தோலை ஒதுக்கிவிடுவார்கள்; சாறு மட்டும் நொதிக்கும். இதிலோ தோலும் விதையும் சாறோடு சேர்ந்து வாரக்கணக்கில், சில இடங்களில் மாதக்கணக்கில் ஊறும். தேன் நிறம் அப்படித்தான் வருகிறது. அதிக நேரம் கொதித்த கட்டன் சாயாவைக் குடித்தால் நாக்கில் ஒட்டுமே ஒரு துவர்ப்பு, அதுவும் கூடவே வரும்.

'ஆரஞ்சு ஒயின்' என்ற பெயர் 2004-ல் ஒரு பிரிட்டிஷ் ஒயின் வியாபாரி வைத்தது. சரக்கோ பழையது. காகசஸ் மலையடிவார நாடான ஜார்ஜியாவில் கிடைத்த பானை ஓடுகளில், சுமார் 8,000 ஆண்டுகளுக்கு முன்பே ஒயின் இருந்த தடயம் கிடைத்திருக்கிறது.

அங்கே ஒயினுக்கு வீடு, 'குவெவ்ரி' என்ற களிமண் தாழி. முட்டை வடிவம்; கழுத்துவரை மண்ணுக்குள் புதைத்திருப்பார்கள். உள்ளே தேன்மெழுகுப் பூச்சு. மிதித்த திராட்சையைத் தோலோடு கொட்டி, நொதிக்கும்போது தினமும் பல முறை கிளறிவிடுவார்கள். நொதித்து முடிந்ததும் தோல் அடியில் தங்கும். வாயை மூடிவிட்டால் வசந்த காலத்தில்தான் திறப்பு. ஏசி வேண்டாம், குளிர்ச்சியை மண்ணே பார்த்துக்கொள்ளும்.

சோவியத் காலத்தில் ஒயின் தயாரிப்பு பெரிய ஆலைகளுக்குப் போனது. தாழி, விவசாயிகளின் வீடுகளிலும் கொல்லைகளிலும்தான் உயிர் பிழைத்தது. 2006-ல் ரஷ்யா ஜார்ஜிய ஒயினுக்குத் தடை போட, பெரிய சந்தை ஒரே அடியில் போயிற்று. புதிய ஊர்களில் விற்க வேண்டுமென்றால், வேறு யாரிடமும் இல்லாத ஒன்று கையில் இருக்க வேண்டும். அது வீட்டுக் கொல்லையிலேயே புதைந்து கிடந்தது!

அடுத்த ஆண்டே சிக்னாகியில் 'ஃபெசன்ட்ஸ் டியர்ஸ்' என்ற சின்ன ஒயினகம் பிறந்தது. பாட்டு கேட்கப் போய் அந்த நாட்டிலேயே தங்கிவிட்ட அமெரிக்க ஓவியர் ஜான் வர்டிமனும், பரம்பரைத் திராட்சை விவசாயி கெலா பட்டாலிஷ்விலியும் கூட்டாளிகள். வர்டிமன் தோட்டத்தில் படம் வரைந்துகொண்டிருந்தபோது டிராக்டரில் வந்த கெலா, சாப்பிட வீட்டுக்குக் கூப்பிட்டதில் தொடங்கிய நட்பு. பறவையையே ஆனந்தக் கண்ணீர் விடவைக்கும் ஒயின் என்ற நாட்டுப்புறக் கதையிலிருந்து வந்தது பெயர்.

2013-ல் யுனெஸ்கோவும் குவெவ்ரி முறையைப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. ஒயினுக்குக் கிராக்கி ஏறிய வேகத்தில் தாழி செய்யும் கைகள் பெருகவில்லை. அப்பாவிடமிருந்து மகன் கற்கும் வேலை அது. சக்கரத்தில் சுழற்றிச் செய்வதல்ல. கொஞ்சம் கட்டி, காயவிட்டு, அதன்மேல் கொஞ்சம் என்று வாரக்கணக்கில் வளரும். சுடுவதில் கோளாறாகி விரிசல் விட்டால், அந்த வருட ஒயின் சத்தமில்லாமல் மண்ணுக்குள் இறங்கிவிடும். தாழியைத் திறக்கும்வரை வெளியே தெரியக்கூடத் தெரியாது.