புகழ்மாலை கையுறை ஆகாது

மருத்துவப் பணியில் மாண்டவரைத் தியாகி என்று போற்றுகிறார்கள். போற்றட்டும், நாம் தடுக்கவில்லை. அந்தச் சொல்லின் நிழலில் பொறுப்பாளர்கள் ஒளிந்துகொள்வதையே நாம் கண்டிக்கிறோம்.

மேற்கு ஆப்பிரிக்காவில் சியெரா லியோன் நாட்டின் கெனெமா நகரிலுள்ள அரசு மருத்துவமனை, எலிகளால் பரவும் லாஸ்ஸா காய்ச்சலுக்கெனத் தனி வார்டு நடத்திவந்தது. அதன் தலைவர் டாக்டர் அனிரு கொன்டே, சிகிச்சையின்போது ஊசி கையில் குத்தியதால் அதே காய்ச்சலுக்கு ஆளாகி, 2004 ஏப்ரலில் இறந்தார். அவர் இடத்துக்கு வந்தவர் டாக்டர் ஷேக் உமர் கான். 2014இல் எபோலா அம்மருத்துவமனைக்குள் புகுந்தது. தாதியர் ஒருவர்பின் ஒருவராய் வீழ்ந்தனர். ஜூலை 29ஆம் நாள், 39 வயதில், கானும் எபோலாவால் மறைந்தார். தேசத்தின் வீரர் என்று அவரை அழைத்தது அரசு.

இதை நஸீபு என்று சொல்லிப் பெருமூச்சு விடுவோர் ஒரு கணக்கைப் பார்க்கட்டும். உலக சுகாதார நிறுவனத்தின் 2015ஆம் ஆண்டு அறிக்கையின்படி, கினி, லைபீரியா, சியெரா லியோன் நாடுகளில் மருத்துவப் பணியாளருக்கு எபோலா தொற்றும் வாய்ப்பு, வயதுவந்த ஏனையோரைவிட 21 முதல் 32 மடங்கு. தொற்றியவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் தாதியரும் அவர்தம் உதவியாளரும். நஸீபு என்ன, சம்பளப் பட்டியலைப் பார்த்தா வருகிறது?

நோயாளியின் இரத்தமும் வாந்தியும் கழிவும் பட்ட கை, கண்ணையோ வாயையோ தொடும்போது எபோலா உள்ளே நுழைகிறது. பாதுகாப்பு உடையை அணியும் நேரத்தைவிட, வியர்த்துக் களைத்து அதைக் கழற்றும் நேரமே ஆபத்தானது. அப்போது அருகில் நின்று ஒவ்வொரு அசைவையும் கவனித்துச் சொல்ல இன்னொருவர் வேண்டும். பயன்படுத்திய ஊசிக்கு மறுபடி மூடி மாட்டாமல் உடனே போட, கையெட்டும் தூரத்தில் கெட்டியான பெட்டி வேண்டும். கையுறை ஊசியைத் தடுக்காது. குழாயில் தண்ணீர், சோப்பு, குளோரின் வேண்டும். வார்டைக் கழுவுபவருக்கும் பிணத்தைத் தூக்குபவருக்கும் டாக்டருக்குள்ள அதே பாதுகாப்பு வேண்டும். (இவர்களுக்குப் புகழ்மாலைகூடக் கிடைப்பதில்லை.)

ஏழை நாடுகள், என்ன செய்யும் என்பார்கள். அதே அறிக்கை வேறு கதை சொல்கிறது. 2014 ஜூலையில் அந்நாடுகளில் எபோலா கண்டவர்களில் 100க்கு 12 பேர் மருத்துவப் பணியாளர். உடையும் பயிற்சியும் வந்து சேர்ந்தபின், 2015 பிப்ரவரியில் 100க்கு ஒருவர். நாடுகள் அவைதாம், வறுமையும் அதுதான்.