எத்தனை அடி தூரம்?

மார்கழி மாசத்து விடியக்காலம் நாலு மணிக்குச் செங்கோட்டையில் எழுந்து உட்கார்ந்திருக்கிறவர்கள் இரண்டு வகை. திருப்பாவை பாடப் போகிறவர்கள் ஒரு வகை. படுத்தால் மூச்சு வராது என்று, மடியில் தலையணையை வைத்து அதன்மேல் கையை ஊன்றி உட்கார்ந்திருக்கிற இழுப்புக்காரர்கள் இன்னொரு வகை. நான் இரண்டாவது வகை. ஒம்பது வயசிலிருந்து இப்படித்தான். இப்ப அம்பத்தஞ்சு ஆகுது.

கொஞ்ச நாளைக்கு முந்தி ஒரு கூட்டத்தில் ஒரு தோழர் என்னைக் கேட்டார். "எல்லாத்திலயும் சாதி பாக்குதீங்களே, காத்துலயுமா பாப்பீங்க? அக்ரகாரத்துல ஆஸ்துமா இல்லையா?" எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அப்போது இழுப்பு. பதில் பேச மூச்சு இல்லை. இப்போது பேசுகிறேன்.

அக்ரகாரத்திலும் ஆஸ்துமா உண்டு தோழர். பரம்பரையாகவும் வரும், யாருக்கும் வரும். அதை நான் மறுக்கவில்லை. நான் கேட்பது வேற. மூச்சு முட்டும்போது அந்த இடத்தைவிட்டு எந்திரிச்சுப் போக யாருக்கு முடியும், யாருக்கு முடியாது?

எங்க பக்கத்துக் குளிரைச் சொன்னால் வடக்கே உள்ளவன் சிரிப்பான். நெஞ்சு அந்தக் கணக்கெல்லாம் பார்க்காது. குளிர்ந்த காத்து மூச்சுக்குழாய்க்குள்ள போகும்போது அங்க இருக்கிற ஈரத்தையும் சூட்டையும் எடுத்துக்கிடும். ஏற்கனவே புண்பட்டுச் சிவந்து கிடக்கிற குழாய் அதைத் தாங்காம இறுகும். சளி வேற அடைக்கும். இதோட புகையைச் சேருங்க. பனிக்கால ராத்திரியில் தரை குளிர்ந்து, தரையை ஒட்டின காத்தும் குளிர்ந்து கனத்துப் போகும். மேலே இருக்கிற வெதுவெதுப்பான காத்து மூடி போட்ட மாதிரி நிக்கும். அடுப்புப் புகை, குப்பைப் புகை, சூளைப் புகை எதுவும் மேலே ஏறாது. கூரை மட்டத்தில் தவழும். மலையடிவாரத்தில் இருக்கிற எங்க தெருவில் விடியக்காலம் எதிர்வீடு தெரியாது. பார்க்கிறவன் "ஆகா, பனிமூட்டம்" என்பான். நாங்க மூக்கால சொல்லிருவோம், அதுல பனி எவ்வளவு, சூளை எவ்வளவுன்னு.

ஆனி ஆடியில் வேற கதை. ஆரியங்காவுக் கணவாய் வழியா மேகாத்து அடிக்கும். குற்றாலத்தில் சீசன். சாரலில் நனையத் தமிழ்நாடே வரும். மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் குற்றாலக் குறவஞ்சி பாடினார். மலையைப் பாடின பரிசாக நிலம் கிடைத்தது, குறவஞ்சிமேடு என்று அதற்குப் பெயர். இருக்கட்டும். அதே சாரலில் எங்க மண்சுவரு மூணு மாசம் காயாது. சுவரில் பூஞ்சணம், பாயில் ஈரவாடை, காயாத துணி. இழுப்புக்காரனுக்கு இதைவிட வேறென்ன வேணும்? சாரலைப் பாடினவங்க யாரும் ஈரப்பாயில் படுத்துப் பாடலை.

இனி தூரத்துக்கு வாரேன். 1956 நவம்பர் 1 வரைக்கும் செங்கோட்டை திருவிதாங்கூர். அந்த ராஜ்யத்தில் தீண்டாமை தொடுவதில் மட்டும் இருக்கவில்லை, தூரத்தில் இருந்தது. இன்ன சாதிக்காரன் இத்தனை அடி தள்ளி நிக்கணும் என்று கணக்கு. ஈழவருக்கு ஒரு கணக்கு, புலையருக்கு அதைவிடக் கூட. அதற்கு என்ன அர்த்தம்? எங்க உடம்பு பட்டுவந்த காத்து அவங்களுக்குத் தீட்டு. காத்தில் சாதி பார்த்தது யார் தோழர்? 1936 நவம்பர் 12-ல் ராஜா கோயில் நுழைவுப் பிரகடனம் போட்டபிறகுதான் அந்த ராஜ்யத்து அரசுக் கோயில்களுக்குள் நாங்க போக முடிந்தது. அதற்கு முன்னால் எங்க மூச்சு எவ்வளவு தூரம் போகும் என்பதைச் சாமிக்காக அளந்து வைத்திருந்தார்கள்.

வைத்தியத்திலும் அந்தத் தூரம் இருந்தது. கத்தியவாரில் ஒரு தலித் பள்ளி ஆசிரியர் பிள்ளை பெற்ற மனைவிக்கு உடம்பு முடியாமல் டாக்டரைக் கூப்பிட்டார். சேரிக்குள் வரமாட்டேன் என்றார் டாக்டர். ரெண்டு ரூபாய் வாங்கிக்கொண்டு, நோயாளியைச் சேரிக்கு வெளியே கொண்டுவரச் சொன்னார். தெர்மாமீட்டரை ஒரு முஸ்லிம் கையில் கொடுத்தார். அவர் புருஷன் கையில், புருஷன் மனைவி கையில். அதே வரிசையில் திரும்பி வந்தது. நிமோனியா என்று சொல்லிவிட்டுப் போனார். தொட்டுப் பார்க்கவில்லை. அந்த அம்மா செத்துப்போனாள். அந்த ஆசிரியரின் கடிதம் 1929 டிசம்பர் 12 'யங் இந்தியா'வில் வந்தது. அம்பேத்கர் 'விசாவுக்காகக் காத்திருத்தல்' நூலில் அதைச் சேர்த்தார்.

பழங்கதை என்பீர்கள். என் கதையைச் சொல்லுதேன். 1980 வாக்கில் எங்க அம்மை என்னைத் தூக்கிக்கிட்டு ஒரு டாக்டர் வீட்டுக்குப் போனா. ஊர்ப்பேர் வேண்டாம். எனக்கு நெஞ்சு விசில் அடிக்குது, தெருவுக்கே கேக்கும். அவர் என்னைத் திரும்பி நிக்கச் சொல்லி, கையை முழுசா நீட்டி, சட்டைக்கு மேலேயே ஸ்டெதாஸ்கோப்பை வச்சார். ஒரே இடத்துல. எனக்குப் பின்னால வந்த பையனுக்குச் சட்டையைக் கழட்டி, முதுகைத் தட்டிப் பார்த்து, நாக்கைப் பார்த்து, "என்னடே, பயப்படாத" என்றார். பின்னாளில் படிச்சேன்: 1816-ல் பாரிஸில் லேன்னக் என்கிற வைத்தியர் ஒரு பெண்ணின் மார்பில் காதை வைக்கக் கூச்சப்பட்டுக் காகிதத்தைச் சுருட்டிக் கேட்டாராம். அப்படிப் பிறந்ததுதான் அந்தக் கருவி. எங்க டாக்டருக்கு அந்தத் தூரமும் போதவில்லை.

அவர் அம்மையிடம் சொன்னார்: "புகை ஆகாது, தூசி ஆகாது, ஈரம் ஆகாது, குளிர் ஆகாது." சரியான வைத்தியம்தான், குற்றமே சொல்ல முடியாது. ஆனால் அம்மை வேலை பார்த்தது செங்கச்சூளையில். தலையில் சுமந்தது சாம்பல் படிந்த கல். சமைத்தது விறகில். வீடு ஓடைக்கரையில். அவர் சொன்ன நாலையும் தவிர்க்கணும்னா நாங்க வேலையை விடணும், வீட்டை விடணும், சாதியை விடணும். அம்மை வெளியே வந்து கேட்டா: "ஏல, அப்ப எதைத்தான் செய்யச் சொல்லுதாரு?"

அம்மாச்சி தனக்குத் தெரிந்ததைச் செய்தாள். ஆடாதொடைக் கஷாயம், கருப்பட்டி போட்ட கடுங்காப்பி. சிரிக்காதீங்க. ஆடாதொடையில் இருக்கிற வாசிசினிலிருந்துதான் சளியை இளக்குகிற புரோம்ஹெக்சின் மருந்து உருவானது. கடுங்காப்பியைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் லண்டன் டாக்டர் சால்ட்டரே இழுப்புக்குச் சொன்னார், அவரும் இழுப்புக்காரர். கொஞ்சம் கேக்கும். ஆனால் முத்தின இழுப்புக்குக் காப்பி போதாது. அம்மாச்சி வைத்தியத்தைப் புகழ்ந்துவிட்டு இன்ஹேலரைத் தங்கள் பிள்ளைகளுக்கு மட்டும் வைத்துக்கொள்கிறவர்களோடு எனக்குச் சண்டை உண்டு.

2019-ஆம் வருஷத்து உலகக் கணக்குப்படி ஆஸ்துமாக்காரர்களில் எட்டில் ஒருத்தர் இந்தியர். ஆஸ்துமாவால் செத்தவர்களில் பத்துக்கு நாலு பேர் இந்தியர். நோய் எட்டில் ஒன்று, சாவு பத்தில் நாலு. இந்த இடைவெளி மருந்து போய்ச் சேராத இடைவெளி. நீல பம்பு இறுகின குழாயைத் திறக்கும், அவ்வளவுதான். உள்ளே இருக்கிற புண்ணை ஆற்றுவது தினமும் இழுக்கிற ஸ்டீராய்டு பம்பு. நீல பம்பை மட்டும் நம்பாதீங்க என்று 2019-லிருந்து உலக வழிகாட்டுதலே சொல்லுது. எங்க தெருவிலோ, "பம்பு பழகிரும், விட முடியாது" என்கிற பேச்சுதான் ஓடுது. ஊசி போட்டால் உடனே கேக்குது, அதனால ஊசிக்கு ஓடுறாங்க. 2021 ஆகஸ்ட் 5-ல் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியபோது பிரஷருக்கும் சுகருக்கும் மாத்திரை வீட்டு வாசலுக்கே வந்தது. நல்ல காரியம், மனசார வரவேற்றேன். அந்தப் பட்டியலில் இழுப்பு இல்லை. பம்பையும் அதே பையில் போட்டுக் கொண்டுவரச் சொல்லுதேன். அதை இழுக்கும் விதத்தைச் சட்டையைத் தொட்டுச் சொல்லித்தரச் சொல்லுதேன்.

இப்ப புகையின் தூரம். நுண்தூசிக்கு உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்ன வருஷ சராசரி 5 மைக்ரோகிராம். இந்திய அரசு 2009-ல் வைத்தது 40. அந்த நாற்பதாவது எங்க தெருவில் இருக்கா என்று அளக்க ஒரு கருவியும் கிடையாது. 2019-ல் வந்த தேசியத் தூய காற்றுத் திட்டத்துப் பட்டியலில் தூத்துக்குடி உண்டு, செங்கோட்டை இல்லை. குப்பையைத் திறந்தவெளியில் எரித்தால் ஐயாயிரம் அபராதம் என்று 2016 டிசம்பரில் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது. எரிக்கச் சொல்லுகிறவன் யாரோ; தீக்குச்சி கிழிக்கிற கை எங்க ஆளுடையது. அபராதம் போட்டாலும் அந்தக் கைக்குத்தான் போடுவார்கள்.

2022 பிப்ரவரியில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஒரு அறிவிக்கை போட்டது. செங்கல் சூளை குடியிருப்பிலிருந்தும் பழத்தோட்டத்திலிருந்தும் 800 மீட்டர் தள்ளி இருக்கணும். மாமரத்துக்கும் மனுசனுக்கும் ஒரே தூரம். போகட்டும், ஒரு தூரமாவது எழுத்தில் வந்ததே. நானும் ரெண்டு பையன்களும் டேப்பு பிடிச்சு அளந்தோம். எங்க கடைசி வீட்டிலிருந்து சூளை வாசல் வரைக்கும் 340 மீட்டர். மனு எழுதி ஒரு அலுவலகத்துக்குப் போனால், "அது புதுசா வைக்கிற சூளைக்குப்பா" என்றார் அங்கே இருந்தவர். பழைய நுரையீரலுக்கு எந்த விதி என்று கேட்டேன். தண்ணி குடிக்கப் போய்விட்டார்.

அதைவிட எனக்கு வலிச்சது வேற. மனுவுக்குக் கையெழுத்து வாங்கத் தெருவில் நடந்தபோது நாப்பது வீட்டில் பதினோரு வீடுதான் போட்டது. சூளையில் கல் சுமக்கிற சின்னம்மை ஒருத்தி, அவளுக்கும் இழுப்பு, பம்பை இடுப்பில் சொருகிக்கிட்டு வேலைக்குப் போறவ, என் கையிலிருந்த காகிதத்தைத் திருப்பித் தந்தாள். "சூளையை மூடிட்டா வாரக்கூலி நீ தருவியாடே? முதலாளிக்கு வேற ஊர்ல சூளை இருக்கு. எனக்கு வேற ஊரு இருக்கா?"

எனக்குப் பதில் வரவில்லை. சூளையைத் தள்ளி வை என்று மட்டும் எழுதியிருந்தேன். புகைபோக்கியை உயர்த்து, விறகை மாற்று, கல் சுமக்கிறவளுக்கு ஈ.எஸ்.ஐ. கொடு, மூடினால் ஆறு மாசக் கூலி கொடு என்று எழுதவில்லை. அவளைக் கேட்காமலே அவளுடைய மூச்சுக்காக மனு எழுதிவிட்டேன்.

தை பிறக்கும் முன்னே வேற மனு எழுதணும். சின்னம்மை வாசலில் உட்கார்ந்து, அவள் சொல்லச் சொல்ல. ராத்திரி எப்படியும் ரெண்டு பேருக்கும் தூக்கம் கிடையாது.