சுட்டுச்சொற்களுக்கு வெளியே நிற்கும் மாணவர்

இணையவழிக் கல்வி அனைவருக்கும் கதவைத் திறந்துவிட்டது என்று பல்கலைக்கழக மேடைகளில் தவறாது முழங்கப்படுகிறது. எவருக்குத் திறந்தது என்ற வினாவை மட்டும் யாரும் எழுப்புவதில்லை.

திரையைப் பார்க்காமல் ஒரு காணொளி விரிவுரையைக் கேட்டாலே விடை கிடைத்துவிடும். ‘இதை இங்கே கொண்டுவந்து அதனோடு கூட்டினால் இது வரும்’ என்கிறார் பேராசிரியர். சுட்டுச்சொற்களுக்குத் தனித்த பொருள் இல்லை. சுட்டப்படுவது கண்முன் இருந்தால்தான் அவை பொருள் தரும் என்பது மொழியியலின் பாலபாடம். பார்வையற்ற மாணவருக்கு அந்த வாக்கியத்தில் எஞ்சுபவை மூன்று வினைச்சொற்கள் மட்டுமே. பலகையில் எழுதுவதை வாய்விட்டுச் சொல்ல எந்த நிதி ஒதுக்கீடும் தேவையில்லை, அக்கறை போதும்.

பாடக்குறிப்புகளின் நிலையும் வேறன்று. நூற்பக்கங்களை ஸ்கேன் செய்து அப்படியே ஏற்றிவிடுகிறார்கள். திரைவாசிப்பு மென்பொருளுக்கு அவை வெறும் படங்கள். ஒருங்குறிக்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டச்சான கோப்புகள் கண்ணுக்குத் தமிழாகவோ இந்தியாகவோ தோன்றும்; மென்பொருளோ அவற்றைப் பொருளற்ற எழுத்துக் குவியலாகவே ஒலிக்கும்.

செவித்திறன் குறைந்தோருக்குத் தானியங்கி சப்டைட்டில் போதும் என்பது அடுத்த சமாதானம். அது தடுமாறுவது பெரும்பாலும் கலைச்சொற்களில். மாணவர் கற்க வந்ததும் அவற்றையே. மேலும், இந்தியச் சைகை மொழி ஆங்கிலத்தின் கைவடிவம் அன்று. வினாச்சொல்லை வாக்கிய இறுதியில் வைக்கும் தனி இலக்கணம் அதற்கு உண்டு. அதை முதல்மொழியாகக் கொண்டவருக்கு ஆங்கில சப்டைட்டில் என்பது இன்னொரு பிறமொழிப் பாடம்.

சட்டம் தெளிவாகவே இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இன் 42ஆம் பிரிவு, மின்னணு ஊடகங்களில் ஒலி விவரிப்பு, சைகைமொழி பெயர்ப்பு, சப்டைட்டில் ஆகியவற்றுக்கு வழிசெய்யுமாறு அரசைப் பணிக்கிறது. அணுகல் தரநிலைகள் வெறும் பரிந்துரைகளாக நிற்கலாகாது, கட்டாயமாக வேண்டும் என்று 2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. எண்ணிம அணுகல், அரசியலமைப்பின் 21ஆம் கூறு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று 2025 ஏப்ரலில் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

‘எங்கள் வகுப்பில் அத்தகைய மாணவர் எவருமில்லையே’ என்பது துறைகளின் வழக்கமான மறுமொழி. படிக்கட்டு மட்டுமே உள்ள கட்டடத்தின் மாடியில் நின்றுகொண்டு, சக்கர நாற்காலி எதுவும் மேலே வரவில்லை என்று சொல்வதற்கு நிகரானது இது. வராதது தேவையின்மைக்குச் சான்றாகாது. விலக்கலின் விளைவு அது.

ஒரு பருவத்தின் படிப்புகளில் 40 விழுக்காடு வரை ஸ்வயம் தளத்தின் வழியே பயிலப் பல்கலைக்கழக மானியக் குழு 2021இல் இடமளித்தது. விரும்பினால் பார்க்கலாம் என்றிருந்த காலத்தில் குறையாக இருந்தது, மதிப்பலகோடும் பட்டத்தோடும் பிணைந்தபின் பாகுபாடாகிறது.

ஆகவே, விரிவுரையின் முழு எழுத்துவடிவம், மனிதர் சரிபார்த்த சப்டைட்டில், ஒருங்குறியில் அமைந்த குறிப்புகள் ஆகியன இல்லாத பாடத்துக்கு மதிப்பலகு வழங்கலாகாது. சைகைமொழி பெயர்ப்புக்குத் தனி நிதி வேண்டும். மாற்றுத்திறனாளிப் பயனர்களே பாடத்தைச் சோதிக்க வேண்டும். அவ்வுழைப்புக்கு ஊதியமும் தரப்பட வேண்டும்.

நெறிமுறைக் குழுவின் ஒப்புதலின்றி மனிதர் மீதான ஆய்வு தொடங்கலாகாது என்பதை இவ்வளாகங்கள் ஏற்றுக்கொண்டிருக்கின்றன. அணுகல் சோதனையின்றி ஒரு பாடமும் தொடங்கலாகாது என்பதை ஏற்பதில் மட்டும் என்ன தயக்கம்?